ஏழு வரிக் கதாநாயகன்

ஒரே ஒரு முறையாவது தன் முகத்தைச் சுவரளவு பார்த்துவிடுவது என்று கண்ணாடிக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவு செய்தார். இருபத்திரண்டு வருடமாக மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருடைய மூக்கு அவருக்கு அத்துப்படி. அவர் மூக்கை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. புதுக் கண்ணாடியை மாட்டியவுடன் எல்லோரும் திரும்புவது நிலைக்கண்ணாடிப் பக்கம்தான்.

வாய்ப்பைக் கொடுத்தது தெருமுனை நூலகம். பழம்பாடல் ஒன்றை ஐந்து நிமிடக் குறும்படமாக எடுத்துத் தர வேண்டும். தேறியவற்றை மாடி அரங்கின் பெரிய திரையில் போடுவார்கள். கண்ணாடிக்காரர் மூன்று நாள் தேடி, ஏழே வரியில் ஒரு பாடலைப் பிடித்தார். பொருள் தேடிப் போன கணவன், வீட்டில் காத்திருக்கும் மனைவி. கணவன் இவர். மனைவி வேடத்துக்கு இவர் மனைவியே. வெளியாள் வேண்டாம்.

அந்த 'வெளியாள் வேண்டாம்' என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. இந்த மாதிரிப் பாடல்களில் தலைவிக்கு ஒரு தோழி இருப்பாள். தோழி என்று வந்துவிட்டால் மனைவி தன் தங்கையைக் கூப்பிடுவாள். மச்சினி ஒரு காட்சிக்கு வந்தால் இரண்டு வாரம் தங்குவாள். சாய்வு நாற்காலியும் ரிமோட்டும் கைமாறிவிடும். போன முறை வந்தவள் இவருடைய மத்தியானக் குறட்டையைப் பதிவு செய்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவைத்தாள். ஆகவே தோழியே இல்லாத பாடலாகப் பார்த்து எடுத்தார். விண்ணப்பத்தில் அந்தப் பாடலை அழகாக எழுதி, கீழே, 'இதில் இல்லாத எதுவும் படத்தில் இராது' என்று கையெழுத்தும் போட்டார். நூலகர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

மனைவி தையல்காரி. கூடத்து ஜன்னலோரம் இயந்திரத்தில் யாருடைய சட்டைக்கோ கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைக் கதாநாயகி ஆக்கிட்டேன்."

"இத்தனை வருஷம் கழிச்சா?"

"படத்துலம்மா."

விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். "தங்கச்சியைத் தோழியா போடலாமே. நல்லா பேசுவா."

"அதான் பய... அதாவது, பாட்டுல தோழி இல்ல. இல்லாததைச் சேர்க்க மாட்டேன்னு கையெழுத்தே போட்டாச்சு. ஒரு எழுத்துகூடச் சேர்க்க முடியாது."

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "எங்க, அந்தப் பாட்டைக் குடுங்க." அளவு எடுக்காமல் எதையும் வெட்டுகிறவள் அல்ல.

அடுத்த வாரம் சனிக்கிழமை படப்பிடிப்பு. மீசைக்குச் சாயம் பூசி, தோளில் பயணப் பையோடு கண்ணாடிக்காரர் வாசலில் நின்றார். கூடத்தில் மனைவி ஃபோனைத் தாங்கியில் பொருத்தினாள்.

"முதல் காட்சி. நான் கிளம்புறேன். முகத்துல பிரிவு தெரியும். நல்லா கிட்டக்க எடு."

"எந்த வரி?"

"என்ன எந்த வரி?"

"நீங்க கிளம்புறது எந்த வரியில இருக்கு? முதல் வரியிலயே அவர் போயிட்டாரே."

பாட்டை வாங்கிப் பார்த்தார். போயிருந்தார்.

"சரி, கடைசில திரும்பி வர்றேன்."

"எந்த வரி?"

ஏழாவது வரியில் வாசல் வெறிச்சென்று கிடந்தது.

"நடுவுல அவ நினைச்சுப் பார்ப்பாள்ல? அந்த நினைப்புல வர்றேன்."

"முகமே மறந்துபோச்சுங்கறா. நாலாவது வரி."

இவ்வளவு நாளும் அந்தப் பாடலை அவர் மனமுருகிப் படித்திருந்தார். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

"இயக்குநருக்குன்னு ஒரு உரிமை இருக்கும்மா."

"கையெழுத்து போட்டிருக்கீங்க."

அப்போது பின்னால் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பெட்டிகளோடு மச்சினி இறங்கினாள்.

"மீசை பிரமாதம் அத்தான். எதுக்கு?"

"இவ எங்க வந்தா? தோழியே பாட்டுல கிடையாது!"

"தோழின்னு யார் சொன்னா?" என்றாள் மனைவி. "ஊரே பேசுதுன்னு அஞ்சாவது வரியில இருக்கு. இவதான் ஊர்."

"ஒரு ஆள் எப்படிம்மா ஊர் ஆக முடியும்?"

"இவளைத் தெரியாத மாதிரி கேக்கறீங்களே."

அவர் ஒதுங்கி வழி விட்டார்.

ஊர் உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் காலை நீட்டியது. பேச ஆரம்பித்தது. "போனவன் லட்சணம் எனக்குத் தெரியாதா? ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறவன். கட்டினவ பிறந்த நாளை மூணு வருஷமா மறந்தவன். கடைக்கு வர்றவங்ககிட்ட 'நல்லா தெரியுதா, நல்லா தெரியுதா'ன்னு நாலு தடவை கேப்பான். வீட்டுல இருக்கறவளுக்கு என்ன தெரியுதுன்னு ஒரு தடவை கேட்டிருப்பானா?"

ஜன்னலோரம் மனைவியின் கண் கலங்கியது. ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கிப் பாதியில் நின்றது. வாசலில் இருந்து பார்த்த கண்ணாடிக்காரர், அது நடிப்பாக இருந்தால் தேவலை என்று நினைத்தார். படம் மட்டும் நிச்சயம் திரைக்குப் போய்விடும். அவர் இல்லாமலே போய்விடும்.

"அப்ப நான்?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இங்கயே நின்னா எனக்கு ஏக்கம் வரமாட்டேங்குதுங்க. முகம் வேற மறக்கணும். கடையில போய் இருங்க."

"எத்தனை நேரம்?"

"ஊர் பேசி முடிக்கணுமே. ரெண்டு வாரம் ஆகும். பகல்ல மட்டும்தான்."

பை தோளில்தான் இருந்தது. ஒரு படி இறங்கினார். நிலைக்கண்ணாடி முன்னால் மூன்று நாள் பழகி வைத்திருந்த பிரிவு முழுவதையும் முகத்தில் கொண்டுவந்து திரும்பினார். ஃபோன் திரும்பவில்லை.

"போயிட்டு வரேன்," என்றார்.

"போறேன்னு சொல்லுங்க அத்தான்," என்றது ஊர், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே. "வர்றது பாட்டுல இல்ல."