மாமாவின் தமிழுக்கு வந்த தண்ணீர் லாரி

ராயபுரம், சென்னை.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சுப்புராயன் மாமா அவர்களுக்கு, மருமகன் எழிலன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு தெலுக் இந்தானில் தாங்கள், அத்தை, அம்மா, தங்கள் இடது முழங்கால் ஆகிய அனைவரும் நலம்தானே? இதைக் கைப்பேசியிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் போன முறை அனுப்பிய செய்தியில் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினீர்களே தவிர, எனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்ததற்கு ஒரு வரி பதில் இல்லை. ஆகவே இம்முறை தாளில், வல்லினம் மிகும் இடமெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பக்கமே, லுமுட் கப்பல் பட்டறையில் எனக்கு ஒரு வேலை பேசி வைத்திருப்பதாகவும், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றும், "அந்த ஊர் உனக்குச் சரிப்படாது என்று நான் அப்போதே சொன்னேன்" என்றும் அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அம்மா அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மாமா. வரமாட்டேன். மீதியைப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

நான் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "நம் மொழி பிறந்த மண்ணுக்குப் போகிறாய். மலாய்ச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ உன் வாயிலிருந்து விழக்கூடாது. தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளை என்று அவர்கள் அறிய வேண்டும்" என்றீர்கள். விழவில்லை மாமா, சத்தியமாக ஒன்றுகூட விழவில்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது. வந்து இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவரிடம் போய், "ஓட்டுநர் அவர்களே, இராயபுரம் வரை செல்ல இயலுமா?" என்று கேட்டேன். அவர் தமக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு பாட்டை நிறுத்தினார், பொத்தான்களைப் போட்டுக்கொண்டார், வழியெல்லாம் பள்ளம் பார்த்துப் பதமாக ஓட்டினார். இறங்கும்போது தலையைக் குனிந்து, "பாதர், எம் பொண்ணு ப்ளஸ் டூ எய்திக்கீது, கொஞ்சம் ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றார். நான் பாதிரியார் இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கமும் உங்கள் தமிழில் இருந்ததால் அவருக்கு நம்பிக்கை கூடிற்றே ஒழியக் குறையவில்லை. கடைசியில் நடுத்தெருவில் நின்று அந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொண்டேன். நல்ல மதிப்பெண் வாங்கட்டும்.

துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கும் வேலையில் எனக்குத் தொல்லை எதுவும் இல்லை. கிரேன் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் பழுதாகிறது. போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. கும்மிடிப்பூண்டி ரயிலில் முதல் நாள் ஏறினேன். அத்திப்பட்டுப் புதுநகரில் இறங்க வேண்டும். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களிடம், "அன்பு கூர்ந்து சற்றே விலகி எனக்கு வழிவிடுவீர்களானால் நன்றியுடையவனாவேன்" என்றேன். வாக்கியம் முடிவதற்குள் நிலையம் முடிந்துவிட்டது. அடுத்த நிலையத்திலும் அதையே சொன்னேன், அதுவும் போயிற்று. இப்படியே மீஞ்சூர் வரை போய்விட்டேன். அங்கே கீரைக் கட்டுகளோடு இறங்கிய ஓர் அம்மாள் என்னையும் கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டு, "இன்னா நைனா, எறங்கணும்னா 'நவுரு'ன்னு கத்திட்டு எறங்கு. நீ இன்னாடான்னா வாய்த்துப்பா படிச்சிகினு நிக்கிற" என்றார். நவுரு என்றால் நகரு. இதை நீங்கள் ஏன் பாடத்தில் வைக்கவில்லை?

நான் குடியிருப்பது வியாகுலம்மாள் என்பவர் வீட்டு மாடியில். கணவரை இழந்தவர், உரத்த குரல், மாதா கோயில் திருவிழாவுக்குத் தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதையே தீர்மானிக்கிறவர். முதல் நாள் நான் வணக்கம் சொல்லிப் பேசியதும், "எங்கூட்டு டிவில நியூஸ் படிக்கிற மாதிரியே கீதுப்பா. ஒனக்கு சாதாரணமா பேசவே வராதா?" என்று கேட்டு, அதற்கும் நான் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். நல்ல மனுஷி. அவரிடம் கெட்ட பெயர் வாங்கினேனே, அது மீனால் வந்தது.

அம்மாவுக்குக் காசிமேட்டு மீனைக் காட்ட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட் போனேன். வரிசையாகப் பெண்கள் கூடை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடம் போய், "அம்மையீர், இம்மீன்கள் என்று பிடிக்கப்பட்டவை? இதுகாறும் எவ்விடத்தில் பாதுகாக்கப்பட்டன?" என்று கேட்டுவிட்டு, கைப்பேசியை எடுத்து வஞ்சிரத்தைப் படமும் பிடித்தேன். அவ்வளவுதான். "ஏய், ஆபீசரு வந்துகினு கீறான்டி!" என்று ஒரு குரல். கண்மூடித் திறப்பதற்குள் அந்த வரிசை முழுவதும் கூடைகள் மூடப்பட்டன, தராசுகள் மறைந்தன, பாதிப் பேர் இடத்தையே காலி செய்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் படுத்துவிட்டது. நான் கேள்வி கேட்ட அம்மாள் பெயர் ஹில்டா. வியாகுலம்மாளின் சொந்தத் தங்கை.

நான் வீடு திரும்புவதற்கு முன்பே ஹில்டா வந்து உட்கார்ந்திருந்தார். "அக்கா, ஒன் மாடில வேவு பாக்கறவன வெச்சிகினு கீற" என்று ஒரே அழுகை. வியாகுலம்மாள் என்னைப் பார்த்து, "சோறு துன்ற வூட்டுக்கே வேட்டு வைக்கிறியே, நல்லா இருப்பியா? மாசக் கடைசில காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தெருவில் வேறு வீடு கேட்டேன். கிடைக்கவில்லை. டீக்கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். எதிர்வீட்டுக்காரர் தம் பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நான் கேட்காமலே காட்டிவிட்டுப் போனார். உங்கள் லுமுட் செய்தி வந்தது சரியாக அந்தச் சமயத்தில். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மாமா, பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். சட்டைகளைக்கூட மடித்துவிட்டேன். அப்போதுதான் நீங்கள் விமான நிலையத்தில் என்னை அழைக்க வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் அப்போதே சொன்னேன்" என்று சொல்லும் காட்சி கண்முன் வந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். என்ன ஆனாலும் இந்தத் தெருவிலேயே இருந்துவிடுவது என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன்.

இதற்கிடையில் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவது நின்றுபோயிற்று. குழாயில் வந்த கொஞ்ச நஞ்சமும் கறுப்பாக, வாடையோடு வந்தது. லாரி இன்று வரும் நாளை வரும் என்று சொல்லிச் சொல்லியே வாரம் ஓடிவிட்டது. நானும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கி வரிசையில் நின்றேன். என்னோடு பேசாவிட்டாலும், வரிசையில் இடம் மாறாமல் நிற்கிறேன் என்பதைப் பெண்கள் கவனித்தார்கள். குளிக்கத் தண்ணீர் இல்லாமல், துறைமுகத்தில் என் அருகே யாரும் சாப்பிட உட்காராத நிலைமை வந்தபோது ஒருநாள் காலையில் வியாகுலம்மாள் மாடி ஏறி வந்தார். கோபம் போயிருக்கவில்லை, ஆனால் வேறு ஏதோ யோசனை முகத்தில் தெரிந்தது.

"இந்தா, நீ ஆபீசர் இல்லன்றது நெசம்தானா?"

"உறுதியாக இல்லை, அம்மா."

"ஆனா ஆபீசர் மாதிரியே பேசற. தண்ணி ஆபீசுல வந்து பேசறியா? எங்க மூஞ்சியப் பாத்தாலே அந்தாளு சைட்டுக்குப் போறேன்னு ஜீப்புல ஏறிப் பூடறான்."

மாமா, எனக்கு மெய்சிலிர்த்தது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டேன். வியாகுலம்மாளும் ஹில்டாவும் இரு பக்கமும் வர, எங்கள் பகுதித் தண்ணீர் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி அப்போதுதான் ஜீப் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். நான் குரலைச் சரிசெய்துகொண்டு, "பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தில் சில மணித்துளிகளை இரந்து நிற்கிறேன்" என்று ஆரம்பித்தேன். சாவி மேசைக்குத் திரும்பியது. "சார், உட்காருங்க சார். சார் எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார். "நான் இத்தெருவாசி. அதற்கு மேல் எனக்கு அடையாளம் தேவையில்லை" என்றேன். அது அவரை இன்னும் கலவரப்படுத்தியது என்று நினைக்கிறேன்.

அதன்பின் நீங்கள் கற்பித்த முறைப்படியே பேசினேன். முன்னுரையில் நீரின் சிறப்பு. பொருளுரையில் எங்கள் தெருவின் அவலம், கறுப்புத் தண்ணீர், குளிக்காத தொழிலாளர்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். வியாகுலம்மாளும் ஹில்டாவும் முன்னுரை முடிவதற்கு முன்பே மெல்ல வெளியே போய்விட்டார்கள். உணர்ச்சி தாங்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு நான் தொடர்ந்தேன். அதிகாரி இரண்டு முறை குறுக்கிட முயன்றார். "முடித்துவிடுகிறேன் ஐயா" என்று சொல்லி மேலும் பேசினேன். முடிவுரைக்கு வந்தபோது அவருக்கு வியர்த்துக்கொட்டியது. வெட்கத்தில் என் கண்களைப் பார்க்க முடியாமல் என் தோளுக்கு மேலாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமா, அவர் எழுந்து நின்றார்! தமிழ் ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்பியதை என் கண்ணால் பார்த்தேன். நின்றபடியே போனை எடுத்து, "ரெண்டு லாரி, இப்பவே" என்றார்.

நாங்கள் தெருவுக்குத் திரும்புவதற்கு முன்பே லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. என் குடத்தைத்தான் முதலில் நிரப்பினார்கள். டீக்கடையில் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். ஹில்டா வஞ்சிரத்தில் நடுத்துண்டாகக் கொண்டுவந்து கொடுத்து, "எப்பப் புடிச்சதுன்னு கேக்காத, துன்னு" என்றார். வியாகுலம்மாள் வீட்டைக் காலி செய்யச் சொன்னதை மறந்தே போனவர்போல, மாடிக்கு ஒரு மின்விசிறியும் மாட்டிக் கொடுத்தார்.

இனிச் சொல்லுங்கள் மாமா, இந்தத் தமிழுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்கும்போது நான் எதற்கு லுமுட்டுக்கு வர வேண்டும்? அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். இந்த வெற்றி முழுவதும் தங்களுடையது. தங்கள் தமிழ்தான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது.

அம்மாவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல்லுங்கள். அத்தைக்கு என் அன்பு. முழங்காலுக்குத் தைலம் தவறாமல் தேய்க்கவும். தங்கள் காலில் விழுந்து வணங்கி, தங்கள் சிவப்புப் பேனாவுக்கு அஞ்சி முடிக்கும்,

மருமகன்
எழிலன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை வியாகுலம்மாளுக்குப் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். அதிகாரி எழுந்து நின்ற இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தாளு ஒன்னப் பாத்தா எய்ந்தான்? ஒனக்குப் பின்னாடி ஜன்னலப் பாத்து எய்ந்தான்பா!" நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் காலிக் குடங்களோடு வந்து, அவருடைய ஜீப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்களாம். பின்வாசலில் ஹில்டா மீன் வெட்டும் கத்தியோடு நின்றிருந்தாராம். லாரி என்ற சொல் காதில் விழுந்ததும், நான் வெளியே வருவதற்குள் பெண்கள் எல்லாரும் வரிசையில் இடம் பிடிக்கத் தெருவுக்கு ஓடிவிட்டார்களாம். "அப்படியானால் என்னை எதற்கு அழைத்துப் போனீர்கள்?" என்று கேட்டேன். "ஜனங்க வந்து சேர நேரம் வேணாமா? பெரிய ஆபீசர் மாதிரி ஒருத்தன் பேசிகினு இருந்தா அந்தாளு எய்ந்து ஓட மாட்டான். நீயும் ஆரம்பிச்சா லேசுல முடிக்க மாட்ட. அதான்" என்றார்.

ஆகவே மேலே தமிழின் வெற்றி என்று எழுதியதை அடித்துவிடுங்கள். வரமாட்டேன் என்பதை மட்டும் அடிக்க வேண்டாம். வரும் திங்கட்கிழமை மின்சார அலுவலகத்துக்குப் போகிறோம். அது தூரமாம், பெண்கள் வந்து சேர இன்னும் அதிக நேரம் பிடிக்குமாம், என் பேச்சு போதாது என்கிறார் வியாகுலம்மாள். தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் தாங்கள் பேசி, பாதியில் பந்தலையே பிரிக்க ஆரம்பித்தார்களே, அந்த உரையை உடனே அனுப்பி வையுங்கள்.