கரும்பலகையில் கர்க்லாஃப்

ஆங்கிலேயர்களே கைவிட்ட ஆங்கில வார்த்தைகளைத் திருவண்ணாமலையில் சோறு போட்டு வளர்த்த ஒரே ஆள் எங்கள் டிக்‌ஷனரி அக்காதான்.

செங்கம் சாலையில் எங்கள் பெண்கள் ஹாஸ்டலில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளர் வேலை. காலையில் மெஸ் கரும்பலகையில், இட்லி சாம்பாருக்குக் கீழே, ஒரு பழைய வார்த்தையையும் பொருளையும் எழுதுவார். புதிதாகச் சேர வரும் பெண்களின் பெற்றோர்களிடம், "தினம் இங்கிலீஷ் கத்துத் தர்றோம்" என்று வார்டன் அதைக் காட்டிப் பழகிவிட்டார். அதனால் அழிக்கவும் முடியவில்லை.

வெந்நீர் வராத வாரம்: 'கர்க்லாஃப் – பச்சைத் தண்ணீர் மேலே பட்டதும் தூக்கிவாரிப் போடுவது.' ஹீட்டர் பார்க்க வந்தவர் டீ மட்டும் குடித்துவிட்டுப் போன மறுநாள்: 'ஃபட்ஜெல் – வேலை செய்வதுபோல் பாவனை காட்டுவது.' 'க்ரோக் – அடுத்தவர் தட்டையே ஏக்கமாகப் பார்ப்பது' என்று வந்த அன்று, நான் வேறு மேஜைக்கு மாறிவிட்டேன்.

அப்புறம் அந்தப் பௌர்ணமி. கிரிவலம் வருகிறவர்களுக்கு எங்கள் அறைகளை வாடகைக்கு விட வார்டன் முடிவெடுத்தார்.

"ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வாங்கமா."

"நாளைக்கு சாயந்திரம் எனக்கு ஆன்லைன் இன்டர்வியூ மேடம். எங்க போய் உட்கார்றது?" என்றேன்.

"கோயில் ஊர்ல இருந்துக்கினு, சாமி பாக்க வர்றவங்களுக்கு எடம் தர மாட்டியா?"

"சாமிக்குன்னா சும்மா தரலாமே மேடம், வாடகை எதுக்கு?" என்றார் அக்கா.

மறுநாள் காலை பலகையில்: 'லாட்டிபுலேட் – மூலையில் போய் ஒளிந்துகொள்வது. உதாரணம்: மாட்டோம்.'

மாலையில் பெண்கள் கூட்டமொன்று பைகளோடு வந்து நின்றது. உள்ளே நான் லேப்டாப் முன்னால். அறை வாசலில் நாற்காலி போட்டு அக்கா.

"எந்திரிமா!" வார்டன் கத்தியது என் ஹெட்போனையும் தாண்டிக் கேட்டது.

"பொண்ணு வேலைக்குப் பேசிட்டிருக்கா. முடியட்டும்."

"இன்னிக்கு எந்திரிக்கலனா, நாளைக்கு நீ ஹாஸ்டல்லயே இருக்க மாட்ட!"

"சரிங்க. நாளைக்கு எந்திரிக்கிறேன்."

கூட்டத்திலிருந்து ஓர் அம்மா, "பாப்பா பேசட்டும்மா. நாங்க எதிர்ல டீ குடிச்சிட்டு வர்றோம்" என்று பைகளை அக்காவின் காலடியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு வேலை கிடைத்தது. அக்காவுக்கு ஹாஸ்டல் போனது. அவர் பெட்டியோடு என் பெட்டியையும் அதே ஆட்டோவில் ஏற்றினேன்.

இப்போது அடி அண்ணாமலையில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். காலையில் அவர் சொல்லும் வார்த்தை புரிந்தால்தான் என்னை ஆபீஸுக்கு விடுவார். பல நாள் முதல் தடவையிலேயே புரிந்துவிடுகிறது, நான்தான் காட்டிக்கொள்வதில்லை.