தண்ணீர் வராத தெருவின் கூட்டுக்குரல்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் காலை பத்து மணிக்குப் பணி தொடங்கும் என்று வாசலில் எழுதியிருக்கிறது. அதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பத்து மணிக்கு மின்விசிறிகள் தொடங்கிவிடும்.

பார்லரம்மா புகார் கொடுக்கப் போன அன்று மின்விசிறியோடு மனிதர்களும் தொடங்கியிருந்தார்கள். நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு, எல்லோரும் வட்டமாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு "ஆ" என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அவள் முதலில் பதறினாள்.

அவளுடையது ஓர் ஒற்றை அறை அழகு நிலையம். தலைக்குச் சாயம் பூசத் தண்ணீர் வேண்டாம், கழுவத்தான் வேண்டும். தெருவில் ஒரு மாதமாகத் தண்ணீர் இல்லை. முந்தின நாள் ஒரு பெண்மணியைச் சாயத்தோடு உட்காரவைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு ஓடித் திரும்புவதற்குள் சாயம் மூக்குவரை இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

புகார் வாங்கும் கவுண்டரைத் தட்டினாள். அங்கே நின்றவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"தண்ணி வரலைங்க. ஒரு மாசமாச்சு."

"இப்ப ஆ போயிட்டிருக்கும்மா. அடுத்து ஊ இருக்கு. ஊவுக்கு அப்புறம் வாங்க."

"அப்புறம் எழுதிப்பீங்களா?"

"அப்புறம் சாப்பாட்டு நேரம்."

இதற்குள் அதிகாரி அவளைப் பார்த்துவிட்டார். ஊழியர்தம் மன அழுத்தத்தைக் களைந்து, அதன்வழி மக்கள் சேவையைச் செம்மைப்படுத்தும் பொருட்டு, மேலிடத்து ஆணைப்படி நடைபெறும் கூட்டுக்குரல் பயிற்சி இது என்று விளக்கினார். பாட்டுத் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் மனதில் தோன்றுவதை அந்தக் கணமே சொல்ல, மற்றவர்கள் தாளத்தோடு திருப்பிச் சொல்ல வேண்டும். தோன்றப்போவதை முந்தின நாளே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டால் போதும்.

"பொதுமக்களுக்கு ஒப்புதல் தேவையில்லை. வட்டத்துக்குள்ள வாங்கம்மா. மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

அவள் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். "எங்க தெருவுல தண்ணி வரல."

"வரல வரல, தண்ணி வரல" என்றது அலுவலகம். கணக்கர் மேசையைத் தட்டினார். பொறியாளர் அடிக்குரலில் "வரவே வரல" என்று உருகினார். அந்தத் தெருவில் தண்ணீர் ஜோராக வருகிறது என்று ஒரு மாதமாகச் சாதித்துவந்தவர் அவர்தான். பார்லரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தைரியம் வந்து, "வால்வைத் திறங்க" என்றாள்.

"திற திற, வால்வைத் திற!" கூரை அதிர்ந்தது.

"எவ்வளவு உண்மையான குரல்மா உங்களுக்கு" என்று அதிகாரி மூக்கை உறிஞ்சினார்.

"அப்ப எப்பங்க திறப்பீங்க?"

அதிகாரியின் முகம் சுண்டிப்போனது. "வட்டத்துக்குள்ள சொன்னதை வெளியில எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. மனசு லேசாகத்தானே சொல்றோம். லேசாச்சா இல்லையா?"

"லேசாத்தான் இருக்கு."

"அப்ப புகார் தீர்ந்துடுச்சு."

கவுண்டர்க்காரர் முத்திரை குத்தினார்.

பார்லரம்மா விடுகிற ஆள் இல்லை. மறுநாள் தெருவையே கூட்டிக்கொண்டு போனாள். "ஆபீசுல போய்க் கத்தினா தண்ணி வருமா?" என்று கேலி செய்த அவள் வீட்டுக்காரர்கூடப் போனார். லாரி ஓட்டுகிற அவருக்குள் ஒரு நீளமான "ம்" ஒளிந்திருந்தது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு சாயங்காலங்களில் தெருவிலும் பயிற்சி நடந்தது. குடங்கள் காலியாக இருந்ததால் தாளத்துக்குக் குறைவில்லை. அதிகாரி மனம் மகிழ்ந்து, தெருக்களுக்கிடையிலான கூட்டுக்குரல் போட்டியில் அவர்கள் பெயரைச் சேர்த்தார். பார்லரம்மாவுக்கு முதற்குரல் பட்டம் கிடைத்தது.

அந்த நேரம் பார்த்து வால்வு திறக்கும் வேலைக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். முதல் நாளே, அதிகாரி முதற்கொண்டு அலுவலகமே ஒரே குரலில் "வால்வைத் திற" என்று சொல்வதைக் கேட்டார். வெள்ளை மனசுக்காரர். போய்த் திறந்துவிட்டார்.

கலையுணர்வுடன் கூறப்பட்டதை உத்தரவாகக் கருதிப் பணி செய்த குற்றத்துக்காக அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

"நீங்கதானே சார் திறன்னு சொன்னீங்க?"

"சுருதியோட சொன்னேன்யா. சுருதியோட சொன்னா அது உத்தரவா?"

தெருவில் தண்ணீர் பீறிட்டது. பார்லரம்மா வந்த தலைகளையெல்லாம் ஆசை தீர அலசித் தள்ளினாள். கல்லா நிறைந்தது. சாயங்காலம் பயிற்சிக்கு நின்றார்கள். "வரல வரல" என்றார்கள். சப்பென்று இருந்தது.

"சோகம் எங்க போச்சு?" என்றார் பார்வையிட வந்த அதிகாரி.

"வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு நிக்கிறோம். சோகத்துக்கு எங்கங்க போறது?" என்றார் வீட்டுக்காரர்.

போட்டிக்குச் சில நாட்களே இருந்தன. தெரு முழுக்கப் பார்லரம்மாவின் முகத்தைப் பார்த்தது. அவளுக்குக் கடை ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் எத்தனையோ பேர் தலையை அவள் அலங்கரித்திருக்கிறாள். முதற்குரல் என்று யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனாள்.

"போட்டி முடியறவரைக்கும் தண்ணியை நிறுத்தி வைங்க."

"மனு வேண்டாம்மா. நீங்க வாயால சொன்னதே போதும்" என்றார் அதிகாரி.

அவள் படி இறங்குவதற்குள் வால்வை மூடியாயிற்று. கேட்ட அன்றே தீர்த்துவைக்கப்பட்ட கோரிக்கை என்ற வகையில் அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் அதுதான் முதலாவது. மூடியவர் மேலிருந்த குற்றச்சாட்டும் அன்றே கைவிடப்பட்டது.

போட்டியில் இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. தண்ணீர் பிடித்து வைக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் அதை உருட்டிக்கொண்டே வந்தார்.

"நாம எங்க கோட்டை விட்டோம்?" என்று கேட்டார்.

"நாம ஒண்ணும் விடலைங்க. முதல் பரிசு வாங்கின தெருக்காரங்க கொடுத்து வச்சவங்க" என்று பெருமூச்சு விட்டாள் பார்லரம்மா. "அவங்களுக்குக் கரண்டும் இல்லை."