கடையில் இருந்த கடைசிப் பெட்டி

மனைவி துடைப்பத்தோடு படுக்கையறைக்குள் நுழைந்ததும், இன்ஷூரன்ஸ் ஆபீசர் கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"கட்டிலுக்கு அடியில நானே பெருக்கிடறேன். நீ போய் உக்காரு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் துடைப்பத்தைத் தொட்டதில்லை. மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

கட்டிலுக்கு அடியில் இருந்தது பெட்டி. கல்லூரிக் காலத்திலிருந்து அவர் பைத்தியமாக இருந்த ராக் குழுவின் அத்தனை பாட்டும் பதினைந்து எல்.பி. இசைத்தட்டுகளாக, தலையணை கனத்தில் ஒரு படப் புத்தகத்தோடு. கடையில் மிச்சமிருந்தது இது ஒன்றுதான். இதையும் யாரோ போனில் சொல்லி வைத்திருந்தார்கள். "தினமும் போன் பண்ணி, பத்திரமா இருக்கான்னு கேக்கறாங்க சார்" என்று கடை முதலாளி கையை விரித்துவிட்டார்.

மறுநாள் முதலாளி சாப்பிடப் போகும்வரை எதிர்ச்சாரியில் காத்திருந்து உள்ளே போனார் ஆபீசர். கல்லாவில் இருந்த பெண்ணிடம், "பெட்டியைச் சொல்லி வச்சாங்களே, அவங்க வீட்டு ஆள்தான் நான்" என்றார் கூசாமல். பிறர் சொல்லும் பொய்களைக் கண்டுபிடித்தே பதவி உயர்வு வாங்கியவருக்கு, சொந்தமாக ஒன்று சொல்வது அல்வா சாப்பிடுவது மாதிரி. முகம் தெரியாத அந்த ரசிகனை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில்தான் சிக்கல். "இனிமே ஒரு தட்டு உள்ள வந்தா, நான் வெளிய போயிடுவேன்" என்று போன மாதமே மனைவி தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

பெருக்கிய கையோடு பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி பீரோ மேல் ஏற்றினார். மூச்சு வாங்குவதற்குள் மனைவி ஸ்டூலோடு வந்தாள்.

"அந்தப் போர்வையை எடுங்க, துவைக்கணும்."

பேச்சை மாற்றியாக வேண்டும். "அது கெடக்கட்டும். ஏன் ரெண்டு நாளா உன் முகமே சரியில்ல? யார் என்ன சொன்னா? சொல்லு, நான் பாத்துக்கறேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "ஒரு கடையில என்னை ஏமாத்திட்டாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

"என் பொண்டாட்டியை ஏமாத்தினவன் யாருடா? வண்டியில ஏறு."

தப்பித்தோம் என்ற தெம்பில் மீசையைத் தடவிக்கொண்டு கிளம்பினார். அவள் சொன்னபடி வண்டியைத் திருப்பித் திருப்பி ஓட்டி, நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தி, பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தார். அதே இசைத்தட்டுக் கடை.

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே போனார். அங்கே முதலாளி கல்லாப் பெண்ணைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "எவனோ வந்து கேட்டா எடுத்துக் குடுத்துடுவியா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

மனைவி பொரிந்து தள்ளினாள். "இவர் பொறந்த நாளுக்குன்னு ஆசை ஆசையா சொல்லி வச்சேன். இவரே வாங்கிடக் கூடாதேன்னு வீட்ல சண்டை போட்டுத் தடை வேற போட்டேன். எவனோ ஒரு களவாணி, என் வீட்டு ஆளுன்னு சொல்லித் தூக்கிட்டுப் போயிட்டான். ஏங்க, நீங்க கேளுங்க. அதைக் கழட்டிட்டுக் கேளுங்களேன்."

ஆபீசர் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அழுதுகொண்டிருந்த கல்லாப் பெண் நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா முதலாளி? அவங்க வீட்டு ஆளுதான் வாங்கிட்டுப் போனார்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேனே."