முதல் பக்கத்தில் லீவு ஃபாரம்

அன்பு மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜெயித்துவிட்டேன்.

"வெப்சைட் கட்டுறது என் தொழில் அத்தான், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று போனில் சிரித்தாயே, சிரித்த வாயை மூடிக்கொண்டு படி. எங்கள் பம்பு கம்பெனியின் இன்ட்ராநெட், அதாவது ஊழியர்கள் மட்டும் பார்க்கும் இணையதளம், என் தலையில் விழுந்தபோது அதன் முதல் பக்கத்தில் ஒன்பது பிரிவுத் தலைவர்களின் படமும் ஒன்பது வரவேற்புரையும் இருந்தன. தினமும் வேலைக்கு வருகிறவனை ஒன்பது பேர் எதற்கு வரவேற்க வேண்டும்? "சார், லீவு ஃபாரம் எங்க இருக்கு?" என்று நாளுக்கு நாற்பது போன், எல்லாம் எனக்கு. நாற்காலியை விட்டு எழுந்திருக்க வழியில்லை. நீ புது வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகியும் உன் அக்காவை அங்கே கூட்டிவராததற்கு இதுதான் காரணம். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில் தப்பே இல்லை. மேனேஜரிடம் லீவு கேட்டால், "உங்க போன் என்னைக்கு அடிக்காம இருக்கோ, அன்னைக்கு எடுத்துக்கங்க" என்று கேலி செய்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்தச் சந்துக்கும் வழி தெரிந்த எங்கள் வேன் டிரைவரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, லீவு ஃபாரத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். நான் வாயே திறக்கவில்லை, அவர் கை போகிற போக்கைக் குறித்துக்கொண்டேன். கால் மணி நேரம் சுற்றியவர், "சார், இதுல வழி கேக்கக்கூட ஒரு ஆள் இல்லையே" என்றார். ஃபாரம் 'கொள்கைகள்' என்ற தலைப்புக்குள் இருந்தது. லீவு வேண்டுமென்பவன் கொள்கையையா தேடுவான்? அன்றே வரவேற்புரைகளை உள்ளே தள்ளிவிட்டு, 'லீவு வேண்டுமா?' என்று பெரிதாக ஒரு பொத்தான் வைத்தேன். விற்பனைப் பிரிவுத் தலைவர் பாய்ந்து வந்தார். "என் போட்டோ எங்கய்யா?"

"சார், போன மாசம் உங்க வரவேற்புரையைத் திறந்து படிச்ச கணக்கு இருக்கு. ரெண்டு."

"ரெண்டே பேரா?"

"ரெண்டு தடவை சார். ரெண்டும் உங்க கம்ப்யூட்டர்ல இருந்து."

மனிதர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டார்.

நேற்று முழுவதும் என் போன் அடிக்கவில்லை. சந்தேகப்பட்டு ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தேன், உயிரோடுதான் இருந்தது. மேனேஜரே எழுந்து வந்து கை குலுக்கி, "அடுத்த வாரம் திங்கக்கிழமை லீவு போட்டுப் போயிட்டு வாங்க" என்றார். கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. உன் அக்கா இப்போதே பெட்டி கட்டிவிட்டாள்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உனக்கும் உண்டு, தொழிலில் ஏதாவது சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கேள்.

இப்படிக்கு,
வெற்றி வாகை சூடிய உன் அத்தான்

பி.கு.: என் லீவைப் போட இப்போதுதான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். இடமில்லை என்கிறது. ஃபாரம் சுலபமாகக் கிடைத்த சந்தோஷத்தில், மேனேஜர் உட்பட ஆபீசே அந்தத் திங்கட்கிழமைக்கு லீவு போட்டிருக்கிறது. ஒருவராவது ஆபீசில் இருக்க வேண்டும் என்ற விதியை அதில் சேர்த்ததும் நான்தான். பெட்டியை அவிழ்க்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. உன் அக்காவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அவள் என்ன சொன்னாள் என்று திங்கட்கிழமை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, நான் போன் பக்கத்தில்தான் இருப்பேன்.