இருபது எழுத்துப் பாதுகாப்பு

"திறக்க முடியாதுன்னா திறக்க முடியா—"

"நாளைக்கு விசாரணை, பாஸ்! அந்த லேப்டாப்பத் திறக்கலன்னா என் லைசன்ஸே—"

"குறுக்கப் பேசாத லா, வேலு!"

மலேசியாவின் யோங் பெங் ஊரில் லாரி ஓட ஆரம்பித்த நாள் முதல், தகவல் பாதுகாப்பில் லாரி கம்பெனி மேனேஜர் கமலநாதனை மிஞ்சிய ஆள் பிறக்கவில்லை. இதை அவரே ஒப்புக்கொள்வார். பட்டறை லேப்டாப் ஒன்றே சாட்சி. கீழே போட்டாலும் உடையாது, தண்ணீர் கொட்டினாலும் நிற்காது. லாரி டிரைவர்கள் சொன்ன புகார்களை மெக்கானிக் பதிந்து வைத்ததெல்லாம் அதற்குள்தான்.

போன புதன்கிழமை வேலுவின் லாரி பிரேக் பிடிக்காமல் டோல் சாவடியில் மோதியது. 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று கமலநாதன் அறிக்கை எழுதினார். அன்றைக்கே, 'கடும் அதிர்ச்சியின் காரணமாக', லேப்டாப்பின் பாஸ்வேர்டையும் மறந்துவிட்டார். பூட்டியவருக்கே தெரியாத சாவியை எந்தத் திருடன் திருடுவான்? இதுவல்லவா 'உயர்நிலைக் காப்பு'!

வேலு மாசாய் ஊரிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் லோஷினியைக் கூட்டி வந்திருந்தான்.

"பெட்டரியக் கழட்டுனா போயிடாதாம்மா?"

"போகாதுண்ணே. கம்ப்யூட்டர் எழும்புறதுக்கு முன்னாடியே கேக்குற பாஸ்வேர்ட் இது. லேப்டாப்பச் செஞ்ச கம்பெனிதான் திறக்குற கோட் குடுக்கணும். வாங்குன ரசீதும் சாரோட கையெழுத்தும் போதும், இன்னைக்கே வந்துடும்."

கமலநாதன் பேனாவைச் சட்டைப்பையில் இன்னும் ஆழமாகச் செருகினார்.

"அலமாக்! ஒரு கையெழுத்துல திறந்துட்டா அதுக்குப் பேரு பாதுகாப்பா? குழு கூடித்தான் முடிவு பண்ணணும்."

"குழுவுல யார் யாரு, பாஸ்?"

"நான்தான்."

"எப்ப கூடும்?"

"விசாரணை முடியட்டும்."

லோஷினி அந்தக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பப் பாரத்தைப் புரட்டினாள். "கடைசியா பாஸ்வேர்ட எப்ப மாத்துனீங்கன்னு கேக்குறாங்க, சார்."

தம் கடமையுணர்ச்சியைப் பற்றி ஒருவராவது கேட்கமாட்டாரா என்று காத்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை! வேற யாரையும் நம்பல, நானே மாத்துனேன். ஆறு எழுத்தா இருந்தத இருபது எழுத்தாக்கிட்டேன்."

"பழசப் போட்டாத்தானே சார் புதுச வைக்க விடும்? புதன்கிழமையே மறந்துட்டேன்னீங்க?"

கமலநாதன் வாயைத் திறந்தார். அதுவும் பாஸ்வேர்ட் கேட்டதோ என்னவோ, மூடிக்கொண்டார்.

வேலு மேசையருகே வந்து நின்றான்.

"பிரேக் சரியில்லன்னு மூணு தடவ சொல்லி எழுத வச்சேன். அதப் படிச்சிட்டுத்தான் மாத்துனீங்களா, பாஸ்?"