கூரைக்கு ஓர் அஞ்சலித் தாள்

கட்டிலின் நடுவே ஒரு பேசின் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் மிஞ்சோ, அந்தப் பக்கம் அவர் மனைவி ஸ்தான்கா. கூரையிலிருந்து சொட்டிய மழைத் தண்ணீர் சில நேரம் பேசினில் விழுந்தது, மற்ற நேரம் மிஞ்சோவின் காதில் விழுந்தது.

"பனி விழறதுக்குள்ள கூரை சரியாகலேன்னா நான் பிளவ்திவ்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். சும்மா மிரட்டறேன்னு நெனக்காதே, பெட்டி கட்டியாச்சு," என்றாள் ஸ்தான்கா.

உண்மையிலேயே கட்டியிருந்தாள். பெட்டி கதவோரம் நின்றது.

அவர்கள் வீடு எட்டாவது மாடியில், கூரைக்கு நேர் கீழே. அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பாளரும் மிஞ்சோதான். கூரை எல்லோருக்கும் பொது என்பதால், வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் கூட்டத்துக்கு வந்து கை தூக்கினால்தான் வேலை தொடங்கும். வசந்த காலத்திலிருந்து கூட்டம் கூட்டிப் பார்க்கிறார். வந்தது அவரும், குளிருக்கு ஒதுங்கிய ஒரு பூனையும்தான்.

"காலம் மாறிப்போச்சு. சரியான வழியில சொன்னா வருவாங்க," என்று மிஞ்சோ, கட்டடத்துக்காரர்கள் போனில் வைத்திருந்த வைபர் குழுவில் கூட்ட அறிவிப்பைப் போட்டார். அரை நாள் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிய செய்தி அது. அனுப்பிய கையோடு அதன் மேல் ரோஜாப் பூக்களும், ஆவி பறக்கும் காப்பிக் கோப்பைகளும், 'இனிய செவ்வாய்' வாழ்த்துகளும் வந்து விழுந்தன. நாலாவது மாடி வீட்டுக்காரன் கிரில் மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தான்.

"கட்டைவிரல்னா வரேன்னு அர்த்தமா, வரலேன்னு அர்த்தமா?"

"ஆளை விடுன்னு அர்த்தம்," என்றாள் ஸ்தான்கா.

வைபர் வேண்டாம், போனே மேல் என்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். "கூரைக்குப் பணம்" என்று வாயெடுத்ததுமே மூன்றாவது மாடியில் ஒருத்தி கத்தினாள்: "ஏண்டா, போன வாரம் என் பையன் ஆக்சிடெண்ட்ல கிடக்கான்னு பணம் கேட்டே. இந்த வாரம் கூரையா?" சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து மிஞ்சோவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர் பொறுப்பாளர்தான், போனில் பணம் பறிக்கும் மோசடிக்காரர் இல்லை என்று ஸ்தான்கா சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதையும் அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

சரி, காகிதம் பொய் சொல்லாது என்று கீழ்க் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். மறுநாள் அதன் மேலேயே யாரோ 'குளிர்கால டயர் விற்பனைக்கு' என்று ஒட்டியிருந்தார்கள். டயருக்கு நாலு பேர் விசாரித்தார்களாம்.

மிஞ்சோவுக்கு ரத்தம் கொதித்தது. முன்னெல்லாம் ஒரே போன் லைன் இரண்டு வீட்டுக்கு இருந்த நாளில், எதிர்வீட்டுக்காரி பேச்சை நிறுத்தாவிட்டால் வீடுகளைச் சூடாக்க மாடி மாடியாக ஓடும் வெந்நீர்க் குழாயில் கரண்டியால் தட்டினால் போதும். எட்டு மாடிக்கும் கேட்கும். கரண்டியை எடுத்தார், தட்டினார். எல்லா மாடியிலிருந்தும் பதிலுக்குத் தட்டினார்கள். தன் டிரில்லிங் சத்தத்தைத்தான் குறை சொல்கிறார் என்று கிரில் சண்டைக்கு வந்தான். யாரோ குழாய் வெடிக்கப் போகிறதென்று புகார் செய்ய, ஆட்கள் வந்து சூட்டையே நிறுத்திவிட்டுப் போனார்கள். இப்போது படுக்கை ஈரம் மட்டுமில்லை, ஐஸாகவும் இருந்தது.

"அடுத்து புறா விடு," என்றாள் ஸ்தான்கா போர்வைக்குள்ளிருந்து. "அதுவும் கூரை மேலதானே உக்காந்திருக்கு."

"இந்த ஊர்ல ஒரு பயலும் எதையும் படிக்கறதில்ல."

"ஏன், சாவுத் தாளைப் படிக்கறாங்களே. பஸ்ஸைக்கூட விட்டுட்டு நின்னு படிக்கறாங்க."

மிஞ்சோ எழுந்து உட்கார்ந்தார். அவள் சொன்னது சத்தியம். கதவு, மரம், பஸ் நிறுத்தம் எங்கே பார்த்தாலும் கறுப்புக் கரை போட்ட அஞ்சலித் தாள்கள். அவற்றைப் படிக்காமல் ஸ்லிவன் ஊரில் யாரும் ரொட்டி வாங்கக்கூடப் போவதில்லை.

அஞ்சலித் தாள் அச்சடித்துத் தரும் சவப்பெட்டிக் கடையில் கலீனா என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். மிஞ்சோ சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்: 'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். நீண்டநாள் நோய்வாய்ப்பட்டிருந்த எங்கள் கூரை நம்மை விட்டுப் பிரிந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாசலில் கூடுவோம். இப்படிக்கு, மிஞ்சோ வெல்கோவ்.' ஒட்டுகிற வேலையையும் கடையே பார்த்துக்கொள்ளும் என்றாள்.

சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கப் போன ஸ்தான்கா வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"மூணு பேர் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. நீ செத்துட்டியாம்."

மிஞ்சோ கடைக்குப் போன் போட்டார். "நடுவுல பெரிசா செத்தவங்க பேருதான் வரும்," என்றாள் கலீனா. "கூரைன்னு யாராவது பேரு வெப்பாங்களா? தப்பா சொல்லிட்டீங்கன்னு நான் திருத்திட்டேன். போட்டோ ஃபேஸ்புக்லேர்ந்து எடுத்தேன், நல்லா வந்திருக்கு. முன்னாடியே வந்து சொல்லி வெக்கறவங்களும் உண்டே, நீங்களும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"போய்க் கிழிச்சுப் போடு," என்றாள் ஸ்தான்கா.

மிஞ்சோ ஜன்னல் திரையை லேசாக விலக்கிப் பார்த்தார். வாசலில் ஒரு கூட்டமே நின்று படித்துக்கொண்டிருந்தது. கிரில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படித்தான். மிஞ்சோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஒருத்தர் விடாம படிக்கறாங்க ஸ்தான்கா. ஆறு மணி வரைக்கும் செத்தே இருந்துட்டுப் போறேன்."

"யாராவது கதவைத் தட்டினா நான் என்ன சொல்றது?"

"தூங்கறாருன்னு சொல்லு."

"செத்தவன் தூங்கறான்னா?" என்று கேட்டுவிட்டு அவள் பெட்டியை எடுத்துக் கதவுக்கு இன்னும் பக்கத்தில் வைத்தாள்.

அன்று பூராவும் மிஞ்சோ செருப்பில்லாமல் நடந்தார், இருமல் வந்தால் தலையணையைக் கவ்விக்கொண்டார். ஆறு மணிக்குக் கோட்டு மாட்டி, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

வாசல் நிரம்பி வழிந்தது. எட்டு மாடி ஜனமும் சாவு வீட்டு வழக்கப்படி இரட்டைப்படையில் பூ வைத்துக்கொண்டு நின்றது. முதல் மாடிப் பென்கா அக்கா கையில் கிண்ணம் நிறைய, செத்தவர் நினைவாகப் பங்கிடுகிற சர்க்கரை தூவிய வெந்த கோதுமை. மிஞ்சோவைக் கண்டதும் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். கிரில் பூவைக் கீழே போட்டான்.

"பயப்படாதீங்க, அச்சுல வந்த தப்பு. நான் உயிரோடதான் இருக்கேன்," என்றார் மிஞ்சோ. "ஆனா எல்லாரும் வந்துட்டீங்க பாருங்க. சரியான வழி எதுன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சேன். கூட்டத்தைத் தொடங்கலாமா? முதல்ல இந்தக் கட்டடம் கட்டின வரலாற்றைச் சுருக்கமா..."

அவர் ஃபைலைத் திறந்ததும் கூட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது. பென்கா அக்காதான் கிண்ணத்தை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"கூட்டம் அஞ்சு மணிக்கே என் வீட்டுல முடிஞ்சுபோச்சு மிஞ்சோ, அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் கூரைக்குக் கை தூக்கிட்டோம்," என்றாள். "நீ அனுப்பினதை எல்லாம் அன்னன்னிக்கே படிச்சோம்பா, நீ பேசுவியேங்கற பயத்துலதான் இத்தன நாளா யாரும் வரல."